முத்துக்குளித்துறை டூ சாமுராய் தேசம்: சவேரியாரை இரண்டு முறை சறுக்கவைத்த சொற்கள்

‘ஷோகன்’ வெப்சீரிஸ் பார்த்தவர்களுக்கு அந்தக் கறுப்பு அங்கி பாதிரியார்கள் ஞாபகம் இருக்கும். 1600-ம் ஆண்டு ஜப்பான். ஆளுக்கொரு கோட்டை, ஆளுக்கொரு படை என்று பிரபுக்கள் முறைத்துக்கொண்டு நிற்பார்கள். நடுவில் ஐரோப்பியப் பாதிரியார்கள் சரளமாக ஜப்பானிய மொழி பேசி, இரண்டு பக்கத்துக்கும் மொழிபெயர்த்துக்கொண்டு இருப்பார்கள்.

கதை, நாவலாசிரியரின் கற்பனை. ஆனால் அப்படிப்பட்ட பாதிரியார்கள் நிஜமாகவே அங்கே இருந்தார்கள். அவர்களில் முதல் ஆளாக ஜப்பானில் கால் வைத்தவர், அதற்கு ஐந்து வருடம் முன்பு எங்கே இருந்தார் தெரியுமா? நம்ம தாமிரபரணி கடலில் கலக்கிற புன்னைக்காயலில், கையில் மணியோடு தெருத்தெருவாக நடந்துகொண்டிருந்தார்.

அவர் பெயர் பிரான்சிஸ் சேவியர். தென் மாவட்டக்காரர்களுக்கு சவேரியார். பாளையங்கோட்டையில் அவர் பெயரில் கல்லூரி இருக்கிறது, பேராலயம் இருக்கிறது. கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்காக டிசம்பர் 3-ம் தேதி குமரி மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. சவரிமுத்து, சவரியம்மாள், சேவியர் என்று பெயர் வைத்த ஒருவராவது உங்கள் கான்டாக்ட் லிஸ்ட்டில் இருப்பார். பெயர் தெரிந்த அளவுக்கு ஆளைத் தெரியாது என்பதுதான் விஷயம்.

இது அவருடைய அற்புதங்களைப் பற்றிய கட்டுரை இல்லை. ஒரு மனிதர் தனக்குத் தெரியாத இரண்டு மொழிகளுக்குள் நுழைந்து, இரண்டிலும் முக்கியமான ஒரு சொல்லில் சறுக்கி, அதிலிருந்து என்ன செய்தார் என்ற கதை.

கோட்டை இடிந்த வீட்டுக் கடைக்குட்டி

1506 ஏப்ரல் 7-ம் தேதி, இன்றைய ஸ்பெயினின் வடக்கே இருந்த நவாரா என்ற சின்ன ராஜ்ஜியத்தில் பிறந்தார். ‘சேவியர்’ என்பது உண்மையில் அவர் பிறந்த கோட்டையின் பெயர். அப்பா, நவாரா அரசரின் ஆலோசனை சபைத் தலைவர். வீட்டில் இவர்தான் கடைசிப் பிள்ளை.

வசதியான வாழ்க்கை ரொம்ப நாள் நீடிக்கவில்லை. 1512-ல் ஸ்பானியப் படைகள் நவாராவைப் பிடித்தன. 1515-ல் அப்பா இறந்தார். அண்ணன்மார் புது ஆட்சியை எதிர்த்து நின்றார்கள். அதற்குத் தண்டனையாக 1516-ல் கோட்டையின் மதிலும் கோபுரங்களும் இடிக்கப்பட்டன. அப்போது சேவியருக்கு 10 வயது. குட்டி அரசர்கள், பெரிய அரசர்கள், யார் பக்கம் சாய்ந்தால் பிழைக்கலாம் என்ற கணக்கு, தோற்றால் வீடு தரைமட்டம். இந்த உலகத்துக்குள்தான் அவர் வளர்ந்தார். பின்னாளில் நெல்லைக் கடற்கரையிலும் ஜப்பானிலும் அதே காட்சியைத்தான் பார்க்கப்போகிறார்.

1525-ல் படிப்பதற்காக பாரிஸ் போனார். ஹாஸ்டல் ரூம்மேட்டாக 1529-ல் வந்து சேர்ந்தவர், வயதில் மூத்த, ஒரு காலை லேசாக இழுத்து நடக்கிற லொயோலா இஞ்ஞாசியார். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இஞ்ஞாசியாரின் கால் உடைந்தது 1521-ல் நடந்த பம்ப்லோனா சண்டையில். அந்தப் போராட்டத்தில் சேவியரின் அண்ணன்மார் எதிரணியில் இருந்தார்கள். எதிரிப் படையின் ஆள் ரூம்மேட்டாகி, கடைசியில் குருவாகவும் ஆகிவிட்டார்.

1534 ஆகஸ்ட் 15-ம் தேதி பாரிஸின் மோன்மார்த் குன்றில் ஏழு நண்பர்கள் சேர்ந்து சபதம் எடுத்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் இயேசு சபை. 1540-ல் போப்பாண்டவர் அதற்கு அனுமதி கொடுத்தார்.

இந்தியாவுக்கு வரவேண்டியவர் இவரே இல்லை. போர்ச்சுகல் அரசர் மூன்றாம் ஜான் ஆள் கேட்டபோது தேர்வானவர் பொபடில்லா என்ற இன்னொரு சபைக்காரர். அவர் உடம்பு முடியாமல் படுத்துவிட, கடைசி நேரத்தில் மாற்று ஆளாக சேவியர் கிளம்பினார். 1541 ஏப்ரல் 7, தன்னுடைய 35-வது பிறந்தநாள் அன்று, லிஸ்பனில் கப்பல் ஏறினார். 13 மாதம் கழித்து, 1542 மே 6-ம் தேதி கோவாவில் இறங்கினார்.

அவர் வருவதற்கு முன்பே முடிந்துபோன டீல்

சவேரியார் வந்துதான் முத்துக்குளித்துறை மக்கள் கிறிஸ்தவர்கள் ஆனார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். அது சரியில்லை.

வேம்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு என்று நீளும் இந்தக் கரை அப்போது உலகத்தின் முக்கியமான முத்துச் சந்தைகளில் ஒன்று. (1986-ல் தூத்துக்குடி மாவட்டம் பிரியும் வரை இதெல்லாம் திருநெல்வேலி மாவட்டம்தான்.) கடலில் மூழ்கி முத்து எடுப்பவர்கள் பரதவர்கள். லாபமும் உரிமையும் யாருக்கு என்பதில் 1530-களில் பரதவர்களுக்கும் கடல் வணிகத்தில் செல்வாக்காக இருந்த முஸ்லிம் வணிகர்களுக்கும் மோதல் முற்றியது. உதவி தேடிப் பரதவர் தலைவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்ச்சுகீசியர்களைப் பார்த்தார்கள்.

கிடைத்த ஒப்பந்தம் நேரடியானது. நீங்கள் ஞானஸ்நானம் பெறுங்கள், எங்கள் கப்பற்படை உங்களுக்குப் பாதுகாப்பு. 1535-க்கும் 1537-க்கும் இடையில் சுமார் 20,000 பேர் மதம் மாறியதாகச் சொல்லப்படுகிறது. 1538-ல் ராமநாதபுரம் பக்கம் வேதாளையில் நடந்த கடற்போரில் போர்ச்சுகீசியர்கள் ஜெயித்ததும், இந்தக் கரை கிட்டத்தட்ட அவர்கள் கைக்கு வந்தது.

ஞானஸ்நானம் கொடுத்தவர்கள் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். புது மதம் என்றால் என்ன என்று தமிழில் சொல்லித்தர ஆள் இல்லை. ஐந்தாறு வருடம் இப்படியே ஓடியது. 1542 அக்டோபரில் சவேரியார் வந்து இறங்கியது இந்த நிலைமைக்கு நடுவில்தான்.

கையில் மணி, மனப்பாடமாகத் தமிழ்

கோவா குருமடத்தில் படித்த, இந்தக் கரையைச் சேர்ந்த மூன்று இளைஞர்கள் அவரோடு வந்தார்கள். சவேரியாருக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. மக்களுக்குப் போர்ச்சுகீசியம் தெரியாது.

அவர் கண்டுபிடித்த வழி இது. இரண்டு மொழியும் ஓரளவு தெரிந்தவர்களை உட்காரவைத்து, முக்கியமான ஜெபங்களைத் தமிழில் பெயர்த்துத் தரச் சொன்னார். அதற்கே நாலு மாதம் பிடித்தது. அதை அப்படியே மனப்பாடம் செய்தார். கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருவில் அடித்தபடி நடப்பார். பிள்ளைகள் கூடுவார்கள். அவர் சொல்லச் சொல்ல அவர்கள் திருப்பிச் சொல்வார்கள். வீட்டுக்குப் போய் அப்பா, அம்மாவுக்கும் அக்கம்பக்கத்துக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியது பிள்ளைகளின் வேலை. ஒரு ஊரில் ஜெபத்தை எழுதிவைத்துவிட்டு அடுத்த ஊருக்கு நடை.

மணப்பாட்டில் கடலைப் பார்த்தபடி இருக்கும் குகையில் அவர் தங்கினார் என்று மக்கள் நம்புகிறார்கள். இன்றும் அங்கே போகிறவர்கள் அதிகம்.

ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகிறது என்று 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து அவர் எழுதிய கடிதம், அடுத்த வருடமே பாரிஸில் அச்சாகிப் பரவியது. ஐரோப்பாவில் பல இளைஞர்கள் அதைப் படித்துத்தான் கிழக்கே கிளம்ப ஆசைப்பட்டார்கள். இன்றைய பாஷையில் சொன்னால், வைரல்.

‘வேணும்’ படுத்திய பாடு

இங்கேதான் முதல் சறுக்கல்.

கிறிஸ்தவர்களின் விசுவாசப் பிரமாணம் ‘விசுவசிக்கிறேன்’ என்ற சொல்லில்தான் நிற்கிறது. மொத்த மதத்துக்கும் அச்சாணியான சொல் அது. சவேரியாருக்கு மொழிபெயர்த்துக் கொடுத்தவர்கள் அந்த இடத்தில் போட்ட சொல், ‘வேணும்’.

அதாவது, கடவுளை நம்புகிறேன் என்று சொல்ல வேண்டிய இடத்தில், எனக்குக் கடவுள் வேணும் என்று கடற்கரை முழுக்கப் பிள்ளைகள் கோரஸாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சொல்லிக்கொடுத்தவருக்கே வித்தியாசம் தெரியாது.

எப்படியோ விஷயம் சவேரியாருக்குப் புரிந்தது. 1544-ல், கரையின் இன்னொரு பகுதியில் வேலை செய்த மான்சிலாஸ் என்ற சக ஊழியருக்குக் கடிதம் எழுதினார். இனிமேல் ‘வேணும்’ என்று சொல்லாதீர்கள், ‘விசுவசிக்கிறேன்’ என்று மாற்றுங்கள், முதல் சொல்லுக்கு ஆசைப்படுவது என்று அர்த்தம், இரண்டாவதுக்குத்தான் நம்புவது என்று அர்த்தம் என விளக்கினார். தமிழ்ச் சொற்களை அவர் காதில் விழுந்தபடி ரோமன் எழுத்தில் எழுதிய கடிதம் அது. இன்று நாம் வாட்ஸ்அப்பில் தமிழை டைப் செய்கிற மாதிரி.

சின்னத் தவறுதானே என்று தோன்றலாம். ஆனால் அந்த மக்கள் போர்ச்சுகீசியர்களிடம் போனதே பாதுகாப்பு வேணும் என்றுதான். அந்த நேரத்தில் அவர்கள் நிலைமைக்கு ‘விசுவசிக்கிறேன்’ என்பதைவிட ‘வேணும்’ என்பது பொருத்தமாகவே இருந்தது. எது எப்படியோ, அர்த்தம் புரியாமல் மனப்பாடம் செய்து சொல்லிக்கொடுப்பதில் என்ன ஆபத்து என்பதற்கு இது சரியான உதாரணம்.

குதிரைப்படை வந்த ஜூன் மாதம்

அந்தக் காலத்து நெல்லைச் சீமையை ஒரே அரசரின் நாடு என்று நினைக்கக்கூடாது. தென்காசிப் பாண்டியர்கள் ஒரு பக்கம், வேணாட்டு அரசர்கள் ஒரு பக்கம், வடக்கிலிருந்து இறங்கிவரும் விஜயநகரப் படைகள் ஒரு பக்கம். சவேரியார் கடிதங்களில் வெட்டும் பெருமாள் என்ற அரசரும், ‘இனிக்குத்திரிபெரிம்’ என்ற அரசரும் மாறிமாறி வருகிறார்கள். இரண்டாவது பெயர், உண்ணி கேரளத் திருவடி என்பதை அவர் காதில் வாங்கிய விதம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இந்த இருவரும் போர்ச்சுகீசிய ஆதரவுக்கும் குதிரைகளுக்கும் போட்டி போட்டார்கள். நடுவில் தூது போகிற வேலையும் சவேரியார் தலையில் விழுந்தது.

1544 ஜூனில் விஜயநகரத்தின் வடுகர் குதிரைப்படை கன்னியாகுமரிப் பக்கம் பாய்ந்தது. மீனவ மக்கள் கடலுக்குள் இருக்கும் பாறைகளுக்குத் தப்பி ஓடினார்கள். குடிக்கத் தண்ணீர் கிடையாது, சாப்பாடு கிடையாது. சவேரியார் 20 தோணிகளில் உணவும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். ஆனால் எதிர்க்காற்று விடவே இல்லை. தோணிகளை விட்டுவிட்டுக் கரை வழியாக நடந்தே போனார்.

எதிரிப் படை மட்டும் பிரச்சினை இல்லை. இந்தக் கரைக்குப் பொறுப்பாக இருந்த போர்ச்சுகீசிய அதிகாரிகள் மக்களைச் சுரண்டுவதைப் பற்றியும் அவர் கோபமாக எழுதினார். இன்னொரு சுவாரசியமான கணக்கு உண்டு. முத்துக்குளித்துறை வரியிலிருந்து ஆண்டுதோறும் 4,000 பணம் போர்ச்சுகல் ராணியின் செருப்புச் செலவுக்கு என்று தனியாக ஒதுக்கப்பட்டிருந்தது. அந்தக் காசை இங்குள்ள பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களின் சம்பளத்துக்குத் தரும்படி சவேரியார் ராணியிடம் கேட்டு வாங்கினார்.

அதே 1544-ல் மன்னார் மீனவர்கள், சவேரியார் அனுப்பிய ஒருவர் மூலம் மதம் மாறினார்கள். யாழ்ப்பாண அரசர் சங்கிலி இதைப் போர்ச்சுகீசியர்களின் ஊடுருவலாகப் பார்த்தார். சுமார் 600 பேர் கொல்லப்பட்டார்கள். மதம் மாறுவது என்பது அன்றைக்கு எந்தக் கொடியின் கீழ் நிற்கிறீர்கள் என்பதற்கான அறிவிப்பு. அதற்கான விலையையும் மக்கள்தான் கொடுத்தார்கள்.

மலாக்காவில் ஒரு ஜப்பானியர்

1545-ல் நாகப்பட்டினம், மயிலாப்பூர் வழியாக மலாக்கா போனார். அங்கிருந்து இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள். திரும்பி வரும்போது, 1547 டிசம்பரில், மலாக்காவில் ஆஞ்சிரோ என்பவரைச் சந்தித்தார். ஜப்பானின் ககோஷிமா ஊர்க்காரர். ஒரு கொலை செய்துவிட்டுப் போர்ச்சுகீசியக் கப்பலில் தப்பி வந்தவர். ஓரளவு போர்ச்சுகீசியம் பேசுவார்.

ஆஞ்சிரோ தன் நாட்டைப் பற்றிச் சொல்லச் சொல்ல சவேரியாருக்கு ஆர்வம் கூடியது. படித்த மக்கள், கேள்வி கேட்கிற மக்கள், காரணம் சொன்னால் ஏற்றுக்கொள்கிற மக்கள் என்ற படம் அவர் மனதில் பதிந்தது. 1548-ல் இந்தியா வந்து, முத்துக்குளித்துறையையும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த வருடம் ஏப்ரலில் கோவாவிலிருந்து கிளம்பினார்.

மலாக்காவில் கிடைத்தது ஒரு சீன மரக்கலம். அதன் கேப்டனுக்குப் போர்ச்சுகீசியர்கள் வைத்திருந்த பட்டப்பெயர் ‘கொள்ளைக்காரன்’. அந்தக் கப்பலில்தான் 1549 ஆகஸ்ட் 15-ம் தேதி ககோஷிமாவில் இறங்கினார். கூடவே கோஸ்மே தெ டோரஸ், ஜுவான் பெர்னாண்டஸ் என்ற இரண்டு ஸ்பானியர்கள், ஆஞ்சிரோ, இன்னும் இரண்டு ஜப்பானியர்கள், ஒரு சீனர், அமதோர் என்ற இந்திய உதவியாளர்.

டைம்யோ என்றால் யார்?

நம்ம ஊர் உதாரணத்திலேயே புரிந்துகொள்ளலாம். பின்னாளில் மதுரை நாயக்கர் ஆட்சியில் தென்தமிழகம் பாளையங்களாகப் பிரிக்கப்பட்டது. எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சி, நெற்கட்டும்செவல், ஊத்துமலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பாளையக்காரர். அவருக்குக் கோட்டை உண்டு, படை உண்டு, வரி வாங்கும் உரிமை உண்டு. மேலே நாயக்கருக்குக் கட்டுப்பட்டவர். மேலிடம் பலவீனமானால் அவரவர் இஷ்டம்.

ஜப்பானின் டைம்யோவும் ஏறக்குறைய இப்படித்தான். பேரரசர் கியோட்டோவில் இருந்தார், பெயருக்கு. அவருக்குக் கீழே படைத்தலைவராக ஷோகன், அவரும் பெயருக்கு. நிஜ அதிகாரம் ஊர் ஊருக்கு இருந்த டைம்யோக்கள் கையில். அவர்களுக்காகச் சண்டை போடுகிறவர்கள் சாமுராய்கள். 1467-ல் ஆரம்பித்த உள்நாட்டுப் போர்கள் நூறு வருடத்துக்கு மேல் ஓடின. சவேரியார் இறங்கியது அதன் நட்டநடுவில்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருந்தது. முத்துக்குளித்துறையில் அவருக்குப் பின்னால் போர்ச்சுகீசியக் கப்பற்படை நின்றது. ஜப்பானில் அப்படி எதுவும் இல்லை. டைம்யோ அனுமதித்தால் இருக்கலாம், இல்லாவிட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான்.

ககோஷிமாவின் டைம்யோ ஷிமாசு டகாஹிசா வரவேற்றார். அவருக்கும் ஒரு கணக்கு இருந்தது. போர்ச்சுகீசியர் மூலம் 1543-ல்தான் துப்பாக்கி ஜப்பானுக்கு வந்திருந்தது. பாதிரியார் இருந்தால் வணிகக் கப்பலும் தன் துறைமுகத்துக்கு வரும் என்று எதிர்பார்த்தார். 1550-ல் கப்பல் வந்தது, ஆனால் ஹிராடோ என்ற வேறொரு துறைமுகத்துக்கு. அதோடு வரவேற்பும் முடிந்தது. தன் ஆட்கள் இனி மதம் மாறினால் மரண தண்டனை என்று அறிவித்துவிட்டார். ஒரு வருடத்தில் அங்கே மாறியவர்கள் சுமார் 100 பேர்தான்.

இரண்டாவது சறுக்கல்: டைனிச்சி

ஜப்பானிலும் சவேரியார் செய்தது அதே வேலைதான். ஆஞ்சிரோவை வைத்து மொழிபெயர்த்து, எழுதிவைத்து, தெருவில் நின்று வாசிப்பது.

ஆஞ்சிரோ பெரிய படிப்பாளி இல்லை. கடவுள் என்ற சொல்லுக்கு அவர் கொடுத்த ஜப்பானியச் சொல் ‘டைனிச்சி’. அது ஷிங்கோன் பௌத்தப் பிரிவினர் வணங்கும் பிரபஞ்ச புத்தரின் பெயர். சவேரியாருக்கு அது தெரியாது. டைனிச்சியை வணங்குங்கள் என்று அவர்கள் தெருவில் நின்று பிரசங்கம் செய்ததும், ஷிங்கோன் துறவிகளுக்கு ஒரே மகிழ்ச்சி. புத்தர் பிறந்த நாட்டிலிருந்து வந்திருக்கிற நம்ம ஆட்கள் என்றே நினைத்தார்கள்.

இரண்டு வருடம் கழித்து, 1551-ல் யாமகுச்சி நகரத்தில் துறவிகளோடு ஆழமாக விவாதித்தபோதுதான் குட்டு உடைந்தது. உடனே பெர்னாண்டஸைத் தெருவுக்கு அனுப்பி, டைனிச்சியை வணங்காதீர்கள் என்று சொல்லவைத்தார். இனிமேல் கடவுளுக்கு ஜப்பானியச் சொல்லே வேண்டாம், லத்தீன் சொல்லான ‘தேவுஸ்’ போதும் என்று முடிவெடுத்தார். அதுவும் முழுசாகத் தப்பவில்லை. ‘தேவுஸ்’ என்பதை, ஜப்பானிய மொழியில் ‘பெரிய பொய்’ என்று பொருள்படும் ‘டாய் உசோ’ ஆக்கி எதிராளிகள் கிண்டல் செய்தார்கள்.

‘வேணும்’ தந்த பாடம் 1544-லேயே கிடைத்திருந்தது. ஆனாலும் 1549-ல் அதே முறையில்தான் ஆரம்பித்தார். அவசரம் அவருடைய பலம், பலவீனமும் அதுதான். ஒரு இடத்தில் இரண்டு, மூன்று வருடத்துக்கு மேல் அவர் தங்கவே இல்லை.

கந்தல் அங்கியிலிருந்து பட்டுக்கு

ஒரு விஷயத்தில் மட்டும் ஜப்பான் அவரை மாற்றியது.

1550-ன் கடைசியில், பேரரசரைப் பார்த்து நாடு முழுக்க அனுமதி வாங்கிவிடலாம் என்று கியோட்டோவுக்குக் கிளம்பினார். கடும் குளிர், பனி, கால்நடைப் பயணம். 1551 ஜனவரியில் போய்ச் சேர்ந்தால், போரில் சிதைந்த நகரம். பரிசுப்பொருள் கொண்டுவராத கந்தல் சாமியாரைப் பேரரசர் அரண்மனைக்குள் யாரும் விடவில்லை. விட்டாலும் பயன் இல்லை, அந்தப் பேரரசரின் பேச்சு யாரிடமும் எடுபடாது என்பதும் புரிந்தது. 11 நாளில் திரும்பிவிட்டார்.

அடுத்து யாமகுச்சிக்குப் போனபோது ஆளே வேறு. பட்டு உடை. கையில் கோவா வைஸ்ராயின் கடிதம். பேரரசருக்கென்று வைத்திருந்த பரிசுகளை டைம்யோ ஓவுச்சி யோஷிடாகா முன்னால் பரப்பினார். கடிகாரம், இசைக்கருவி, கண்ணாடி, மூக்குக்கண்ணாடி, துப்பாக்கி, ஒயின். மகிழ்ந்துபோன டைம்யோ பிரசங்கத்துக்கு அனுமதி கொடுத்தார், தங்குவதற்கு ஆள் இல்லாத ஒரு பௌத்த மடத்தையும் கொடுத்தார். சில மாதங்களில் சுமார் 500 பேர் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர், வீணை மாதிரியான ‘பிவா’ வாசித்துக் கதை சொல்லிப் பிழைத்த, பார்வைக் குறைபாடுள்ள கலைஞர். பின்னாளில் லொரென்சோ என்ற பெயரில் இயேசு சபையில் சேர்ந்தவர் அவர்தான்.

யாமகுச்சி மக்கள் கேட்ட ஒரு கேள்வி சவேரியாரை உலுக்கியது. உங்கள் கடவுளைத் தெரியாமலே செத்துப்போன எங்கள் அப்பா, அம்மா, தாத்தா பாட்டி எங்கே இருக்கிறார்கள்? நரகத்தில், மீட்க வழியில்லை என்பதுதான் அன்றைய அவரது பதில். அதைக் கேட்டு மக்கள் அழுதார்கள். அந்த அழுகை தன்னையும் வருத்துவதாக அவர் எழுதியிருக்கிறார். ஆனாலும் பதிலை மாற்றிக்கொள்ளவில்லை.

இன்னொரு கேள்வி, இது உண்மை என்றால் சீனாக்காரர்களுக்கு ஏன் தெரியவில்லை என்பது. அறிவு என்றால் சீனாவிலிருந்துதான் வரும் என்பது ஜப்பானியர்களின் அன்றைய நம்பிக்கை. அப்படியென்றால் முதலில் சீனாவுக்குத்தான் போகவேண்டும் என்று முடிவெடுத்தார்.

1551 நவம்பரில் ஜப்பானை விட்டுக் கிளம்பினார். அதற்குள் யாமகுச்சியில் கலகம் வெடித்து, ஆதரவு கொடுத்த யோஷிடாகா தற்கொலை செய்துகொண்டிருந்தார். சீனாவுக்குள் அப்போது அந்நியர்களுக்கு அனுமதி இல்லை. கரையோரம் இருந்த ஷாங்சுவான் தீவில், கடத்தல் படகு ஒன்றுக்காகக் காத்திருந்தபோது காய்ச்சல் வந்தது. 1552 டிசம்பர் 3-ம் தேதி இறந்தார். வயது 46. பக்கத்தில் இருந்தது அந்தோனியோ என்ற சீன உதவியாளர். உடல் மலாக்கா வழியாக 1554-ல் கோவா வந்தது. 1622-ல் புனிதர் பட்டம் கிடைத்தது. பாம் ஜீசஸ் பேராலயத்தில் இருக்கும் அந்த உடலைப் பத்து வருடத்துக்கு ஒருமுறை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கிறார்கள். கடைசியாக 2024 நவம்பரில் தொடங்கி 2025 ஜனவரி வரை வைத்தார்கள்.

விமர்சனங்கள் என்ன?

இருக்கின்றன, பலமாகவே. கோவாவில் மத விசாரணை மன்றம் வேண்டும் என்று 1546-ல் போர்ச்சுகல் அரசருக்குக் கடிதம் எழுதியவர் இவர்தான். அந்த மன்றம் இவர் இறந்த பிறகு, 1560-ல் வந்தது. 1812 வரை நடந்த அதன் கொடுமைகள் கோவா வரலாற்றின் இருண்ட பக்கம். முத்துக்குளித்துறையில் சிறுவர்கள் சாமி சிலைகளை உடைத்ததை அவரே மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறார். உள்ளூர் வழிபாடுகளைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. பசித்த மக்களுக்காக நடந்தே போனவரும் இந்தக் கடிதங்களை எழுதியவரும் ஒரே ஆள். ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறைக்க முடியாது.

பாடத்தைப் படித்தவர்கள் யார்?

அவருக்குப் பின்னால் வந்தவர்கள். அண்டிரிக் அடிகளார் என்று தமிழில் அழைக்கப்படும் ஹென்றிக் ஹென்றிக்கஸ், சவேரியார் இருக்கும்போதே இந்தக் கரைக்கு வந்த போர்ச்சுகீசியர். மனப்பாடம் எல்லாம் சரிவராது என்று தமிழை முறையாகப் படித்தார். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பேசினார், தமிழுக்கு இலக்கணம் எழுதினார். 1578 அக்டோபர் 20-ம் தேதி கொல்லத்தில் அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ வெளிவந்தது. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் அது. வெறும் 16 பக்கம். 1586-ல் ‘அடியார் வரலாறு’ என்ற பெரிய நூலும் வந்தது. 1600-ல் இறக்கும் வரை சுமார் 50 வருடம் இந்தக் கரையிலேயே இருந்தார்.

ஜப்பானிலும் இதேதான் நடந்தது. 1590-ல் இயேசு சபையினர் அங்கே அச்சு இயந்திரத்தைக் கொண்டுபோனார்கள். 1591-ல் புனிதர்கள் வரலாறு அச்சானது. 1603-ல் சுமார் 32,000 சொற்கள் கொண்ட ஜப்பானிய-போர்ச்சுகீசிய அகராதி வந்தது. அந்தக் காலத்து ஜப்பானியர்கள் எப்படிப் பேசினார்கள் என்று தெரிந்துகொள்ள இன்றும் அறிஞர்கள் புரட்டுவது அதைத்தான். ‘ஷோகன்’ தொடரில் சரளமாகப் பேசும் பாதிரியார்கள் அந்தத் தலைமுறை. நாம் பாதிரி என்று சொல்கிற அதே போர்ச்சுகீசியச் சொல், ஜப்பானில் ‘பதெரென்’ ஆனது.

அதற்குப் பிறகு இரண்டு கரைகளின் கதையும் பிரிந்துபோனது. ஒன்றுபட்ட ஜப்பானில் டோக்குகாவா ஷோகன்கள் 1614-ல் கிறிஸ்தவத்தைத் தடை செய்தார்கள். 1639-ல் போர்ச்சுகீசியர்களையே வெளியேற்றினார்கள். 1873 வரை, தலைமுறை தலைமுறையாக, ஜப்பானியக் கிறிஸ்தவர்கள் ரகசியமாக ஜெபம் சொல்லி வாழ்ந்தார்கள். பாதிரியார் இல்லை, புத்தகம் இல்லை. வாய்வழியாக வந்த ஜெபங்களில் பல சொற்களுக்கு அவர்களுக்கே அர்த்தம் தெரியாமல் போனது. சவேரியார் தமிழ் ஜெபத்தை மனப்பாடம் செய்த அதே நிலைமை, திருப்பிப் போட்ட மாதிரி.

இங்கே கடற்கரை ஊர்களில் டச்சுக்காரர்கள், ஆங்கிலேயர்கள் என்று ஆட்சிகள் மாறினாலும் பரதவர்கள் தங்கள் நம்பிக்கையைத் தொடர்ந்தார்கள். 1530-களில் ஒரு அரசியல் ஒப்பந்தமாக ஆரம்பித்தது, நாளடைவில் அவர்களின் சொந்த மதமாகிவிட்டது. மணப்பாட்டிலோ புன்னைக்காயலிலோ ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்குப் போனால், விசுவாசப் பிரமாணத்தை ஊரே சேர்ந்து சொல்வதைக் கேட்கலாம். 1544-ல் திருத்தப்பட்ட அந்தச் சொல், பழைய தமிழ் ஜெபத்தில் இப்படித்தான் இருந்தது. விசுவசிக்கிறேன்.